கழுத்துக்கு மேலே கருப்புப் பட்டி

"சினிமா மாதிரி" என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. என் கல்யாண வீடியோவைப் பார்த்த அன்று தொடங்கிய குமட்டல் அது.

அம்மா அப்போது குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் அடியோடு போய்விட்டது. ஆள் எழுந்து நடமாடுகிறார் என்று நாங்கள் சொன்னதை அம்மா நம்பவில்லை. போட்டோ அனுப்புகிறோம் என்றால், "பழச அனுப்பி ஏமாத்துவீங்க. கல்யாண வீடியோவுல அவரு நடக்குறத நான் பாக்கணும்" என்றாள்.

அதற்காகத்தான் பண்டாரவளை டவுனிலிருந்து வீடியோக்காரரை வரவழைத்தோம். புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். கையடக்கக் கேமராவுக்கு அவ்வளவு பெருமை. "அண்ணே, அப்பாவ நல்லா எடுங்க, அம்மாவுக்கு அனுப்பணும்" என்று நானே சொன்னேன்.

"கவலப்படாதீங்க தங்கச்சி, சினிமா மாதிரி செஞ்சு தாறேன்."

கோயில் எங்கள் லயத்துக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எதிரிலேயே இருந்தது. அந்த மனுஷன் தூரத்தில் தேயிலைக்குள் போய் நின்று, அங்கிருந்தே ஜூம் பண்ணி எடுத்தார். ஏன் என்று என் அண்ணன் கேட்டதற்கு, "அப்பத்தான் பின்னாடி எல்லாம் மங்கிப் போகும். தகரமும் கொடியில கெடக்குற துணியும் தெரிஞ்சா சினிமா மாதிரியா இருக்கும்?" என்றாராம். நாங்கள் பிறந்து வளர்ந்த லயம் அவருக்குத் துடைத்துப் போடவேண்டிய அழுக்கு. எங்கள் சோற்றை மட்டும் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சீடி வந்த அன்றே பக்கத்து லயத்து அக்கா குவைத்துக்குப் புறப்பட்டதால், ஒரு பிரதியைப் பார்க்காமலே அவரிடம் கொடுத்தனுப்பினோம். பிறகு உட்கார்ந்து பார்த்தோம். என் முகம் மஞ்சள் காமாலை வந்தவள் முகம் மாதிரி இருந்தது. பின்னால் நின்ற சொந்தபந்தம் எல்லாம் வெறும் கலர்த் திட்டுகள். எனக்குப் பின்னால் அப்பா நடந்து வந்தாரே, அவரும் ஒரு வெள்ளைத் திட்டு. மஞ்சள் அரிசி போட்டு அவர் ஆசீர்வாதம் பண்ணிய இடமாவது இருக்கும் என்று பார்த்தால், படம் அகலமாகத் தெரியவேண்டுமென்று மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டி போட்டுத் தொலைத்திருந்தார். அப்பாவின் வேட்டி தெரிந்தது. அரிசி போட்ட இடது கை தெரிந்தது. கழுத்துக்கு மேல் கருப்பு. அதையும் ஸ்லோ மோஷனில் காட்டியிருந்தார், பாவி.

பண்டாரவளைக்குப் போய், பட்டி போடாத டேப்பைக் கேட்டேன். "அதுல அடுத்த கல்யாணம் எடுத்தாச்சு தங்கச்சி. ஸ்டைலாத்தானே வந்திருக்கு?" என்றார். மூஞ்சியில் காறித் துப்பலாம் போல் இருந்தது.

எங்கள் லயத்தில் போன் இல்லை; அடுத்த வாரம் பெரகலயில் இருந்த கடைக்கு அம்மா போன் எடுத்தாள். அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன்.

"உண்மையச் சொல்லு. எவனையோ வேட்டி கட்டி நிக்க வச்சு மூஞ்சிய மறச்சிருக்கீங்க. அப்பா இருக்காரா, இல்லையா?"

"இந்தா, பக்கத்துலதாம்மா நிக்கிறாரு" என்று ரிசீவரை அப்பாவின் காதில் வைத்தேன்.

"என்னாங்க, இருக்கீங்களா? இருக்கீங்களா?" என்று அம்மா அழுதுகொண்டே கத்தியது எனக்கும் கேட்டது. அப்பா ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.