ஏட்டையா சொன்ன சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு சரித்திரக் கழகம் கூடியது. வந்தவர்கள் பத்தொன்பது பேர், நாற்காலிகள் பதினான்கு. இதெல்லாம் என் கண்ணில்தான் படும். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாருக்கு வேறு என்ன வேலை?

சமஸ்தான காலத்தில், மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி கேட்டு எங்கள் தெருவிலிருந்து ஓர் ஊர்வலம் கிளம்பியது. புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்தும் வருஷங்கள் ஓடிவிட்டன... தெருவுக்கு ஒரு நினைவுக்கல் வேண்டாமா? ஊர்வலத்தில் போன எங்கள் தெருக்காரர் பதினாறு பேரின் பெயர்களை அதில் வெட்டுவதாக ஏற்பாடு. பட்டியல் என் கையில்.

வாசிக்க வாயெடுத்தேன். சவரியம்மாள் எழுந்தார். தெருக்கோடியில் இட்லிக்கடை வைத்திருப்பவர். ஆவூரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

"நானும் போனேங்க. எம் பேரையும் போடுங்க."

"ஜெயில் சர்டிபிகேட் இருக்காம்மா?" என்றார் காரியதரிசி.

"என்னை எங்கே ஜெயில்ல போட்டாக? பஸ்ஸுல ஏத்தி, மாத்தூர் தாண்டி, வெள்ளைக்காரன் எல்லையில எறக்கிவிட்டுட்டாக."

"ரூல்னா ரூல்தாம்மா..."

எங்கள் பதினாறு பேரில் சர்டிபிகேட் வைத்திருந்தது நான்கே பேர். மற்றவர்களிடம் கேட்கவில்லை. தெரிந்தவர்களிடம் போய் யாராவது கேட்பார்களா?

சவரியம்மாள் உட்காரவில்லை. "ரெண்டு நாளா இருபது மைலு நடந்து வந்தேன். 'யாரோட போயிருந்தே'ன்னு மாமியா கேட்டாக. இந்தத் தெரு இன்னும் கேக்குது. நாளைக்கு எம் மகளைப் பொண்ணு கேட்டு வாறவுகளும் கேப்பாக. கல்லுல பேரு இருந்தா, அது பதில் சொல்லுமில்ல?"

வாசல் பக்கம் ஒரு கனைப்பு. மாணிக்கம் — அந்தக் காலத்துப் போலீஸ் ஏட்டு, இப்போது பென்ஷன்காரர். அவரை யாரும் அழைக்கவில்லை. ஊர்வலத்தை அடித்தவரை எப்படி அழைப்பது?

"பஸ்ஸுல ஏத்துனது நாந்தாங்க. மொத்தம் எட்டுப் பேரு. அதுல இந்தம்மா ஒண்ணுதான் பொம்பளை. ஏற மாட்டேன்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. முழங்கையில ஒரு போடு போட்டேன்."

சவரியம்மாள் இடது கையை நீட்டினார். அது பாதிக்கு மேல் நீளவில்லை.

"ஏன் ஏட்டையா... அடிச்ச நீங்க வந்து சொன்னாத்தான் அடிபட்டவளை நம்புவாகளா?"

பட்டியலைப் பிரித்து வைத்தேன்.

பேனாவை எடுத்தேன். "பதினேழாவதா? கல்லில் பதினாறு வரிக்குத்தான் இடம் இருக்கு சார்!" என்று பதறினார் காரியதரிசி.

ஏட்டு என் தோளுக்கு மேலாகப் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, மூணாவது நீங்களா? நீங்க மாடி ஜன்னல்ல நின்னு எங்களை எண்ணிக்கிட்டுல்ல இருந்தீங்க?"

உண்மைதான். ஊர்வலத்தில் நாற்பத்திரண்டு பேர். போலீஸ் பதினொரு பேர். தடி ஓங்கியதும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். பஸ்ஸில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் என்னிடம் இல்லை. இத்தனை வருஷமாக அது எனக்கு உறுத்தவும் இல்லை. அதை நினைத்துத்தான் இப்போது தூக்கம் வரவில்லை.

மூன்றாவது பெயரை அடித்தேன். அந்த வரியில் சவரியம்மாள் என்று எழுதி, எல்லாருக்கும் கேட்க உரக்க வாசித்தேன். அவர் தலையாட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

ஏட்டு கிளம்பவில்லை. அவர் விரல் நான்காவது பெயருக்கு நகர்ந்தது.

"கூட்டம் முடிந்தது!" என்று காரியதரிசி சடாரென்று எழுந்தார் — நான்காவது பெயர் அவருடையது.