வீடியோவில் விழாத கிளிப்பச்சைக் கார்

புதுக் காரின் பிளாஸ்டிக் வாசத்தோடு நசுங்கிய தேசிக்காயின் மணம் கலந்தால் எப்படியிருக்கும் என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்குப் பதினொரு வயது நடந்த ஒரு சித்திரை மாதத்தில், கோயில் கார் தரிப்பிடத்தில், குளிரில் மூக்குச் சிவந்த ஐயர் நான்கு சில்லுகளுக்கும் கீழே நான்கு தேசிக்காய்களை வைத்து, மந்திரம் சொல்லி, சந்தனத்தைக் காரின் நெற்றியில் தீட்டி, "இனி எடுங்கோ" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா வலக்காலை உள்ளே வைத்து ஏறி, ஒரு முழத் தூரம் காரை முன்னே நகர்த்தினார். நான்கு தேசிக்காயும் ஒன்றாக நசுங்கின. அப்பாவின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை, அதற்கு நானே ஒரு காரணம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அது ஒரு அமெரிக்கக் கார். ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரின் வடக்கே, பெரிய தெருவின் கடைசியில் இருந்த ஒரு விற்பனை நிலையத்தில், ஜெர்மன் கார்களை வாங்க வசதியில்லாதவர்களுக்கென்றே நிறுத்தி வைத்தது போல வரிசையாக நின்ற சின்னக் கார்களில் ஒன்று. கம்பனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தவறு என்னுடையது, காருடையது அல்ல, பிறகேன் அதற்கு வீண்பழி. நிறம் கிளிப்பச்சை. வேறு நிறம் வேண்டுமென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்களாம். "நிறத்துக்காக ஆரும் காத்திருப்பினமே?" என்று அப்பா அதையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இரவும் பகலுமாக முறைமாற்று வேலை செய்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இருந்தவை எல்லாம் "ஆரோ பாவிச்ச சாமான்" தான். தெருவில் வெள்ளைக்காரர் கழித்துப் போட்ட சோபா, தேவாலயத்தில் வாங்கிய குளிர் அங்கி, ஒரு ஜெர்மன் பாட்டி இறந்தபின் அவருடைய மகன் கொடுத்த சாப்பாட்டு மேசை. எங்கள் ஆட்கள் எல்லாரும் பழைய ஜெர்மன் கார்தான் வாங்குவார்கள். மீட்டர் எத்தனை இலட்சம் காட்டினாலும் பரவாயில்லை, முன்னுக்கு அந்தச் சின்னம் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "ஒண்டெண்டாலும் எங்களுக்கெண்டு புதுசா வரட்டும்" என்றார். அந்த விலைக்குப் புதிதாகக் கிடைத்தது இந்த அமெரிக்கக் கார் மட்டும்தான். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை ஒரு வருடம் வரைக்கும் அவர் கழற்ற விடவில்லை. கோடையில் அதில் தொடை ஒட்டி, இறங்கும்போது தோல் உரிவது போலக் கேட்கும் சத்தத்தை நானும் அம்மாவும் சகித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணியோடு அந்தக் காரின் சரித்திரமும் பரிமாறப்பட்டது. நூலகத்திலிருந்து கார் புத்தகம் எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துப் படித்தவை அவை. "இந்தக் காருக்குப் பேர் குடுத்தவன் ஆர் தெரியுமே? சுவிசிலை பிறந்தவன். எங்களைப் போலை நாடு நாடாப் போய், கடைசியிலை அமெரிக்காவிலை காலூண்டினவன். ரேஸ் ஓடுறவன். அவனுக்குப் பெரிய, விலை கூடின கார் செய்ய விருப்பம். பங்காளிக்கோ சாதாரண சனம் வாங்கக்கூடிய கார் செய்ய விருப்பம். ஒத்துவரேல்லை. பேர் குடுத்தவன் விலகிப் போயிட்டான். பேர் மட்டும் காரிலை நிண்டிட்டுது." இந்த இடத்தில் அப்பா ஒரு மிடறு தேத்தண்ணி குடிப்பார். பிறகு, நூறு வருடத்துக்கு முதலே அமெரிக்காவில் கடைச் சிப்பந்தியும் பள்ளிக்கூட ஆசிரியரும் முதன்முதலாக ஏறிய கார்களில் இதுவும் ஒன்று, "பணக்காரனுக்கெண்டு செய்யாமல் வேலைக்குப் போறவனுக்கெண்டு செய்த கார்" என்று முடிப்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வெளியே போய்ப் படியிறங்கும்போது, "எண்டாலும் உது கொரியாவிலைதானே பொருத்தினது" என்று சொல்லிச் சிரிப்பது எனக்குக் கேட்கும். அதுவும் உண்மைதான். அப்பாவுக்கும் அது தெரியும், ஆனால் சரித்திரத்தில் அந்தப் பகுதியை அவர் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவார்.

எனக்கு அந்தக் கார் மானப் பிரச்சினையாகிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் சாம்பலும் கறுப்புமாக நிற்கிற கார்களுக்கு நடுவே அது தனியாகத் தெரியும். பிள்ளைகள் அதற்குத் ‘தவளை’ என்று பெயர் வைத்தார்கள். "உன்ரை அப்பா தவளையிலை வாறார்" என்று சொல்லிவிட்டுக் குதித்துக் காட்டுவார்கள். நான் அப்பாவிடம், பள்ளிக்கூடத்துக்கு முந்தின தெரு வளைவிலேயே இறக்கிவிடும்படி சொன்னேன். காரணம் சொல்லவில்லை. "ஓம், உள்ளுக்கை திருப்பக் கஷ்டம்தான்" என்றார் அப்பா. அந்தச் சின்னக் காரை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள்ளேயே திருப்பலாம். அவர் எனக்காகக் காரணம் கண்டுபிடித்துத் தந்தது அதுதான் முதல் தடவை, எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

பதின்மூன்றாவது வயதில் எனக்குச் ‘சாமத்திய வீடு’, அதாவது பூப்புனித நீராட்டு விழா, செய்ய நாள் குறித்தார்கள். இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய மண்டபம், நானூறு பேர், மூன்று சேலை மாற்று, எல்லாவற்றுக்கும் மேலே வீடியோ. அந்த வீடியோவின் தொடக்கமே பெண்பிள்ளை காரில் வந்து இறங்கும் காட்சிதான். இறங்கியதும் தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நின்று அவளை உள்ளே கூட்டிப் போவார்கள். சிலர் இதற்கென்றே நீளமான வெள்ளைக் காரை வாடகைக்கு எடுப்பார்கள். குதிரை வண்டி பிடித்தவர்களும் உண்டு. எந்தக் காரில் வந்து இறங்கினாள் என்பது ஒரு மாதத்துக்குப் பேச்சாக இருக்கும்.

"எங்கடை காரிலைதான் பிள்ளை வரவேணும். சொந்தக் கார் இருக்கேக்கை ஏன் வாடகைக் கார்?" என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினார். அன்று பின்னேரமே அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டுட்கார்ட்டில் இருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, தொலைபேசி எடுத்தேன். மாமாவிடம் நீளமான கறுப்பு ஜெர்மன் கார் இருந்தது. "மாமா, உங்கடை காரிலை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் கேட்டனான் எண்டு அப்பாட்டைச் சொல்லாதேங்கோ" என்றேன். மாமாவுக்குப் பெருமையும் புளுகமும் தாங்கவில்லை. அடுத்த நாளே அப்பாவுக்கு எடுத்து, "அத்தான், பிள்ளை தாய்மாமன்ரை காரிலைதான் வந்து இறங்கவேணும். அதுதான் முறை" என்று அடித்துவிட்டார். அப்படி ஒரு முறை எங்கும் இல்லை. கார் வருவதற்கு முன்பு அது எங்கே இருந்திருக்க முடியும்? ஆனால் ‘முறை’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு எதிர்த்துக் கேட்க வாய் வராது. "முறை எண்டா முறைதான்" என்றார் அப்பா. "நான் பின்னாலை வாறன்."

சடங்கு நாளன்று மேக்கப் செய்யும் அக்காவின் வீட்டிலிருந்து, தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாக நான் வெளியே வந்தேன். வாசலில் மாமாவின் கறுப்புக் கார் பளபளவென்று நின்றது. அதற்குப் பின்னால் எங்கள் கிளிப்பச்சைக் கார். அப்பா அதையும் அலங்கரித்திருந்தார். முன்பக்கத்தில் சிவப்பு ரிப்பன் குறுக்காகக் கட்டி, நடுவில் செவ்வந்திப் பூவால் ஒரு வட்டம் வைத்து, பட்டு வேட்டியும் சால்வையுமாகப் பக்கத்தில் நின்றார். காலையில் எழுந்து தனியாகச் செய்திருக்க வேண்டும். ரிப்பனின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது.

நான் அவரிடம் போனேன். ஆசீர்வாதம் வாங்க வருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சால்வையைச் சரிசெய்துகொண்டார். "அப்பா, உங்கடை காரை மண்டப வாசலுக்குக் கொண்டு வராதேங்கோ. வீடியோவிலை விழும். பின்தெருவிலை எங்கையாவது விட்டிட்டு வாங்கோ" என்றேன். எங்கடை கார் என்றுகூடச் சொல்லவில்லை, உங்கடை கார் என்றேன். மாமா அதற்குள் காரில் ஏறியிருந்தார். மேக்கப் அக்கா உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். வேறு ஒருவரும் கேட்கவில்லை. அப்பா குனிந்து, அவிழ்ந்த ரிப்பன் முனையை எடுத்து முடிச்சுப் போட்டார். நிமிர்ந்து, "ஓம் பிள்ளை. அங்கை பார்க்கிங்கும் இராதுதானே" என்றார்.

நகருக்கு வெளியே, பழைய உருக்காலை நிலத்தில் கட்டிய மண்டபம் அது. முன்னால் முந்நூறு கார் நிற்கக்கூடிய தரிப்பிடம். நாங்கள் போனபோது அதில் பாதிகூட நிறையவில்லை. அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். கமெரா ஓடத் தொடங்கியது. நான் இறங்கினேன், அப்பாவைக் காணவில்லை. அம்மா சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். "இவர் எங்கை? இவர் எங்கை?" என்று அவர் கேட்கும் குரல் நாதஸ்வரத்துக்கு இடையே இன்றைக்கும் அந்த வீடியோவில் கிடக்கிறது. வீடியோக்காரர் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். கடைசியில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் மாமா நின்று என் கையைப் பிடித்தார். நான் சிரித்துக்கொண்டு உள்ளே போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அரைமணி நேரம் கழித்து அப்பா வந்தார். தூறல் மழையில் பின்தெருக்களில் இடம் தேடி, எங்கோ விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். வேட்டிக் கரை நனைந்து சேறு பட்டிருந்தது. "எங்கை போனனீங்கள்?" என்று அம்மா அத்தனை பேருக்கும் முன்னால் சீறினார். "பார்க்கிங் கிடைக்கேல்லை" என்றார் அப்பா. பக்கத்து மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒரு கணம் வெளியே பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. முந்நூறு கார் நிற்கிற இடத்தில் அந்தத் தவளைக்கு இடம் கிடைக்கவில்லையாம்.

அந்தச் சிரிப்பு அன்றோடு முடியவில்லை. பதினேழு வருடமாக எங்கள் குடும்பத்தின் நிரந்தரப் பகிடி அது. எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், "அத்தானுக்கு முதலே ஒரு பார்க்கிங் பிடிச்சு வையுங்கோ" என்பார் மாமா. அம்மா கோபம் வந்தால், "பெத்த பிள்ளை வந்து இறங்கேக்கை நிக்க ஏலாத மனிசன்" என்பார். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பெரிய படத்தில் நடுவில் நான், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூசு தட்டுகிறவர் அப்பாதான். அவர் ஒரு நாளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, தனியாக இருக்கும்போது கூட, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காததால் வெட்கம் உள்ளேயே தங்கிவிட்டது. முதலில் காரை நினைத்து வெட்கப்பட்டேன், இப்போது என்னை நினைத்து வெட்கப்படுகிறேன், இரண்டாவதுதான் கடினம்.

கார் பாவம், பதினொரு வருடம் ஒரு நாளும் எங்களை வழியில் விடவில்லை. கடைசியில் பழைய கார்களைக் கப்பலில் ஏற்றும் வியாபாரி ஒருவர் காரின் கண்ணாடியில் செருகிவிட்டுப் போன சின்ன அட்டையைப் பார்த்து, அப்பாவே அவரை அழைத்துக் காரைக் கொடுத்தார். ஆப்பிரிக்காவில் எங்கோ ஓடுகிறதாம். அந்தக் கம்பனி சாதாரணக் கார்களை இங்கே விற்பதை நிறுத்திக்கொண்டு போய்விட்டது. விற்பனை நிலையம் இருந்த இடத்தில் இப்போது குளியலறை ஓடுகள் விற்கிறார்கள். தெருவில் கிளிப்பச்சையாக ஏதாவது கடந்தால் திரும்பிப் பார்க்கிறேன், அனேகமாகக் குப்பை வண்டியாக இருக்கும். காரின் சரித்திரத்தை அப்பா என் சடங்குக்குப் பிறகு எப்போது சொல்லாமல் விட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. நான் கவனிக்கவில்லை என்பதுதான் சரி.

போன மார்கழியில் மாமாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எல்லாரும் ஸ்டுட்கார்ட்டில் கூடினோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவின் மகன் பழைய வீடியோக்களைச் சுவரில் ஓடவிட்டான். கறுப்புக் கார் வந்து நின்றது, நான் இறங்கினேன், "இவர் எங்கை?" என்றார் அம்மா. வழக்கம் போல எல்லாரும் அப்பாவின் பக்கம் திரும்பினார்கள். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன். எழுந்து நின்றேன். "அண்டைக்குப் பார்க்கிங் இருந்தது. அப்பாவை நான்தான்..." என்று தொடங்கிவிட்டேன்.

"சும்மா இரு பிள்ளை," என்றார் அப்பா, கையிலிருந்த பலகாரத் தட்டைப் பார்த்தபடி. "எனக்குத்தானே தெரியும். மூண்டு தரம் சுத்தினனான், கிடைக்கேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா கண்ணீர் வரச் சிரித்தார். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன், வாய் திறந்தபடி, மிச்சத்தைச் சொல்ல நேரமும் இருந்தது. பிறகு நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.