இடது பக்கக் கண்ணாடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் என் மனைவி உண்டானாள். அதற்கு முன் இரண்டு முறை கலைந்திருந்தது. அதனால் ஐயப்பன்தாங்கலில், அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டாக்டரம்மாவிடம்தான் காட்டுவது என்று முடிவு செய்திருந்தோம். பஸ் மாறி மாறிப் போகவேண்டும். ஆறாம் மாதத்தில், "இனிமே இவங்கள பஸ்ல கூட்டிட்டு வராதீங்க" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த வாரமே பழைய கார் ஒன்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது நூம்பலில். விற்றவருக்கு அறுபது வயதிருக்கும். நிலத்தையெல்லாம் மனை போடக் கொடுத்துவிட்டு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். மாட்டுக் கொட்டகையில் மாடுகள் இல்லை. கார்தான் நின்றது.

"ரெண்டு வருசமா வெளிய எடுக்கல நைனா. இஞ்சின் நல்லாதான் கீது. காலைல ஒரு சொம்பு தண்ணி மட்டும் ஊத்திக்கோ" என்றார். சாவியைக் கையில் வைத்தபின், "பொஞ்சாதிய பின்னால ஒக்கார வெச்சிக்கினு போ" என்றும் சொன்னார். மனைவிக்காகத்தான் கார் என்று சொல்லியிருந்தேன்; பிள்ளைத்தாய்ச்சி கால் நீட்டிக்கொள்ளட்டும் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்தது. முதல் தடவை டாக்டரம்மாவிடம் போனபோது, திருவேற்காடு தாண்டியதும் பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள்.

"மஞ்சள் வாசனை வருதே, உங்களுக்கு வரலையா?"

"இல்லையே."

"அரைச்ச மஞ்சள். யாரோ இப்பதான் குளிச்சிட்டு வந்து ஒக்காந்த மாதிரி."

எனக்கு எதுவும் தெரியவில்லை. நாளெல்லாம் எண்ணெயிலும் இரும்புத்தூளிலும் நிற்கிற மூக்கு. அவளுக்கோ அப்போது சோறு வேகிற வாசனைகூட ஆகாது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த முறை நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தோம். அவள் எனக்கு நேர் பின்னால், வலது கதவில் சாய்ந்து, சீட்டில் கால் நீட்டியிருந்தாள். மூச்சு விடுகிறவர்கள் இரண்டு பேரும் வலது பக்கம். ஆனால் பனி படர்ந்தது எனக்கு இடது பக்கத்துக் கண்ணாடியில். யாரும் உட்காராத சீட்டை ஒட்டிய கண்ணாடியில். முதலில் ஒரு சாசர் அளவுக்கு வெளுத்து, பிறகு மெல்ல விரிந்தது. எட்டித் துணியால் துடைத்தேன். கியர் மாற்றிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் வெளுத்திருந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வேறு. தொழிற்சாலைக்கும் அந்தக் காரில்தான் போய்வந்தேன். தினமும் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ஒரு சொம்பு குறைந்திருக்கும். வண்டிக்கு அடியில் சிமெண்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து வைத்துப் பார்த்தேன். காகிதத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குடித்துவிட்டதுபோலத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை, நூம்பல் திருப்பம் வருவதற்குச் சற்று முன் மனைவி, "இங்க கொஞ்சம் மெதுவா போங்க" என்றாள்.

"ஏன், குலுக்குதா?"

"இல்ல. எறங்கறவங்க எறங்கட்டும். ஒவ்வொரு தடவையும் இங்க வந்ததும் வாசனை போயிடுது."

கண்டக்டர் சொல்வதைப்போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். என்னை அறியாமல் வேகத்தைக் குறைத்தேன். திருப்பம் தாண்டியபோது இடது கண்ணாடி தெளிந்திருந்தது.

லீவு கிடைத்ததும் மண்ணூர்பேட்டைக்குப் போனேன். தொழிற்பேட்டை ஓரம் ஒரு மெக்கானிக் கடை வைத்திருந்தார். மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியில் கடுகு நிறச் சேறு.

"மஞ்சத்தூளு அண்ணாத்தே" என்று சிரித்தார். "ரேடியேட்டர் ஒழுகினா போடுவாங்கோ. சில பேர் பீடித்தூளு, சில பேர் முட்ட வெள்ளக்கரு. தண்ணியோட போயி ஓட்டையில அடைச்சிக்கும். இது ஒரு தபா போட்டது இல்ல. வருசக்கணக்கா போட்டுக்கினே இருந்துகீறாங்கோ."

ரேடியேட்டரின் மூலையில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்றைக் காட்டினார். சூடேறினால்தான் அதில் ஆவி வரும், சொட்டாது. அந்த ஆவி, ஒயர் போகிற துவாரம் வழியாகக் காருக்குள் இடது பக்கம் நுழைகிறது. அவ்வளவுதான். நூம்பலில் ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

ரேடியேட்டரைக் கழற்றி ஓட்டையை ஈயம் வைத்து அடைக்க நான்கு நாள் ஆகும் என்றார். மறுநாள் டாக்டரம்மாவிடம் போகவேண்டியிருந்தது. "அப்ப இத்த போட்டுக்கினு போ" என்று ஒரு டப்பாவை எடுத்தார். ஒழுகலை அடைக்கவென்றே கடையில் விற்கிற பொடி. வெள்ளித்தூள் மாதிரி மின்னியது. அவர் கொஞ்சம் போதும் என்றார். நான்தான் முழுவதையும் கொட்டச் சொன்னேன்.

வாசனை நின்றது. கண்ணாடியும் வெளுக்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பேய் பிசாசெல்லாம் இல்லை, மஞ்சள்தூள் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "யாரு போட்டாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு ஞாயிறு காலை தனியாக நூம்பலுக்குப் போனேன். பெரியவர் வாசலில் நின்றார். காரைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மஞ்சளைப் பற்றிக் கேட்டேன்.

"என் ஊட்டுக்காரிதான் போடுவா. ஒவ்வொரு தபா வண்டி எடுக்கறப்பவும் அடுப்பங்கரைலேந்து ஒரு கை அள்ளிக்கினு வருவா. ஓட்ட அடைஞ்சிடும்னு யாரோ சொன்னாங்களாம். அடைஞ்சிச்சி."

பானட்டைப் பார்த்தபடி, "அல்லாமே அடைஞ்சிச்சி" என்றார்.

"ஒரு நாள் காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. முன்னால ஒக்கார வெச்சிக்கினு கெளம்பினேன். வேலப்பன்சாவடி தாண்டல, கொதிச்சி நின்னுபோச்சி. பானட்ட தெறக்கறேன், ஆவி மூஞ்சில அடிக்குது. மஞ்ச வாசன. உள்ள வந்து பாத்தா கண்ணாடில தலய சாச்சிக்கினு கீறா. தூங்கறாப்பல."

சற்று நேரம் அவரோடு வாசலில் நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது நல்ல வெயில். இடது பக்கம் நான் பார்க்கவே இல்லை. அயனம்பாக்கம் வருவதற்குள் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தம்மா ஒரு கை போட்டாள். நான் ஒரு டப்பா கொட்டியிருந்தேன். மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவைத்து மண்ணூர்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன்.

மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி மேல்தொட்டியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வரிசையாக மெல்லிய குழாய்கள். பெரும்பாலானவற்றின் வாய் மஞ்சளும் வெள்ளியுமாக இறுகிப்போயிருந்தது. "பொடிக்கு ஓட்ட எது, கொழா எதுன்னு இன்னா தெரியும்? இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா நடுரோட்ல நின்னிருக்கும்" என்றார். வேறு ரேடியேட்டர் மாட்டச் சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பெரியவர் சொன்னதையும் இதையும் வீட்டில் சொல்லவில்லை.

தை மாதம் ஒரு காலை வலி கண்டது. பின்கதவைத் திறந்து பிடித்தேன். "பின்னால முடியாது, நிமுந்து ஒக்காரணும்" என்று சொல்லி, அவளே முன்கதவைத் திறந்து இடது சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்று எந்தக் காரணத்தைச் சொல்வேன்?

வேலப்பன்சாவடியில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, எங்களால் நகர முடியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முள் பாதியில் நின்றது; ஏறவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினேன். அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கூப்பிட்டேன். பதில் இல்லை. தோளைத் தொட்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

"வலிக்குது. பேசாதீங்க" என்றாள்.

அதைவிட நல்ல சொல்லை நான் கேட்டதில்லை. உச்சிப்பொழுதுக்குள் மகள் பிறந்தாள்.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது பெரியவர் சொன்னதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "அவருக்கு யாரு சமைச்சுப் போடறா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு டிபன் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நான் கார் சாவியை எடுத்தேன். "அவர் கண்ணுல அது பட வேணாம். பஸ்லயே போலாம்" என்றாள். நூம்பலில் பெரியவர் கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். மகள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். மனைவி உள்ளே போய் தட்டைத் தேடி எடுத்து, சோறு பரிமாறினாள்.