டிப்ஸ் கொடுத்த கை

ஆட்டோவில் ஏறினால் பேசின காசுக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டேன். ஆப் வந்தபிறகு இன்னும் கறாராகிவிட்டேன். டிரைவர் போன் செய்து, "மேல அம்பது போட்டுக் குடுங்கக்கா" என்றால், "அப்ப நீங்க வரவே வேணாம்" என்று வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் எனக்கு நேரெதிர். இறங்கும்போது இருபதோ முப்பதோ டிரைவர் கையில் திணித்துவிட்டுத்தான் நகர்வார். இதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, காலும் இழுத்துக்கொண்டது. இடது கையால் ஒருவருக்குக் காசு கொடுப்பது அவருக்கு ஆகாது. அதனால் டிப்ஸ் கொடுப்பதையே விட்டுவிட்டார். ஒரு செலவு மிச்சம் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. அவர் ஆட்டோவில் ஏற ஐந்து நிமிடமாகும். அதற்குள் டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஒருவர் வாக்கரைப் பார்த்ததுமே ரைடை கேன்சல் செய்துவிட்டுப் போனார். அன்று இவர் முகம் சுண்டிப்போனது. "இந்த வெள்ளிக்கிழமையோட போதும். எனக்காக யாரும் காத்துக்கிட்டு நிக்க வேணாம்" என்றார். டாக்டரோ, இப்போது விட்டால் கை வராமலே போய்விடும் என்று சொல்லியிருந்தார். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். மனுஷன் மசியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை வந்த ஆட்டோ டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். இவர் வாக்கரோடு கேட்டைத் தாண்டுவதைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்தார்.

"வெயிட்டிங் சார்ஜெல்லாம் தரமாட்டேன்" என்று முந்திக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியேக்கா" என்றவர், சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு பக்கக் கண்ணாடி, ஹெட்லைட். இவர் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் துணியை மடித்தார். அதில் ஒரு பொட்டு அழுக்குகூட ஒட்டியிருக்கவில்லை. தனக்காக யாரும் காத்திருக்கவில்லை என்ற நினைப்பில் இவர் அன்று பதறாமல் ஏறினார்.

தாம்பரத்தில் இறங்கியதும், இவர் என்னிடம், "அம்பது ரூபா எடு" என்றார். எடுத்து நானே டிரைவரிடம் நீட்டினேன்.

"எங்கிட்ட குடு" என்று அதட்டினார். நோட்டை வாங்கி வலது கை விரல்களுக்கிடையே சொருகிக்கொண்டு, கையைத் தூக்கப் பார்த்தார். இடுப்புவரைகூட வரவில்லை. நோட்டு கீழே விழுந்தது. நான் பாய்ந்து எடுத்தேன்.

"நானே குடுத்துடறேன். பாவம், அவருக்கு லேட்டாகுது."

"எனுக்கு இன்னாக்கா லேட்டு? சார் கையாலயே குடுக்கட்டும்" என்றார் டிரைவர்.

மறுபடி சொருகிவிட்டேன். பின்னால் ஒரு கார்க்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். டிரைவர் திரும்பவே இல்லை. கையைத் தாழ்த்தி வாங்கிக்கொள்ளவும் இல்லை. நெஞ்சுக்கு நேராக இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார். இவர் கை நடுங்கி நடுங்கி மேலே வந்தது. பிசியோதெரபி பெண் மூன்று மாதமாகக் கெஞ்சியும் வராத உயரம். நோட்டு டிரைவரின் உள்ளங்கையில் போய்ச் சேர்ந்தது.

அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னிக்கு மொத போணி சார். ஆப்ல வர்றதெல்லாம் போணில சேராது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நடுரோட்டில் நின்று அந்த வண்டியைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் பார்த்திருக்க மாட்டார். எங்கிருந்தாலும் அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

உள்ளே போனதும், நான் வாயைத் திறப்பதற்குள், வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இவர் கேட்டார்:

"திங்கக்கெழமை எத்தனை மணிக்கும்மா வரணும்?"