கிரைண்டர் இல்லைங்க, சர்வர்

பழைய இரும்புக் கடையில் வாங்கிய சர்வரில் இன்று லினக்ஸ் ஏற்றினேன். ஆன் செய்ததும் அதன் ஆறு ஃபேனும் ஒன்றாக அலறின. திருப்பதியில் எட்டு மாதமாக நான் தனியாக இருக்கும் அறையில் இவ்வளவு சத்தம் கேட்டதே இல்லை.

பாதி ஏறும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மா. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கையில் ஊறவைத்த அரிசியோடு ஒரு குண்டான். அவர் வீட்டு கிரைண்டர் ரிப்பேராம், என்னுடையதில் ஆட்டித் தர முடியுமா என்று தெலுங்கில் கேட்டார்.

உள்ளே எட்டிப் பார்த்தவர் தமிழில் முனகினார். "அய்ய, கம்ப்யூட்டர் பொட்டியா. மாவு ஆட்டிக்கினு கீறாங்கன்னு ஓடியாந்தேன்."

"நீங்க தமிழா?"

"சத்தியவேடு. நீ?"

"நகரி."

இரண்டுமே ஆந்திர எல்லையில் தமிழ் பேசும் ஊர்கள். எட்டு மாதமாக மாடிப்படியில் இருவரும் தெலுங்கில் "பாகுன்னாரா" என்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

சிரித்துவிட்டு, குண்டானோடு கீழ் வீட்டு கிரைண்டரைத் தேடிப் போய்விட்டார்.

லினக்ஸ் ஏறி முடிந்தது. ஃபேன்கள் அடங்கின. அறை பழையபடி ஆகிவிட்டது. காரணமே இல்லாமல் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஃபேன்கள் அலறின. யாரும் வரவில்லை.

நல்ல கிரைண்டர் என்ன விலை இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.