பால்குடம் எடுத்த இடுப்பு

கண் விழித்ததும் அத்தையின் கை இடுப்புக்குத்தான் போகும். வலி இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பாள்; இருக்கும். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மழையில் கொழுந்துச் சாக்கோடு சறுக்கி விழுந்ததிலிருந்து இதே கதை. எலும்பில் ஒன்றுமில்லை என்று பதுளை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அத்தை நம்பவில்லை. பக்கத்து லயத்து வீட்டில் இப்படி விழுந்து படுக்கையாகிப்போன ஒருத்தியையே நினைத்துக்கொண்டிருப்பாள். "நானும் இப்பிடித்தான் கெடக்கப் போறேன்" என்பாள். அப்படிச் சொல்லும் நாளில் வலி இன்னும் கூடும்.

என்னை வளர்த்தவள் அவள்தான். ஆனாலும் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற எனக்கு அந்தப் புலம்பல் எரிச்சலாக இருந்தது.

மாரியம்மன் திருவிழாவில் அத்தை பால்குடம் எடுத்தாள். ஆற்றிலிருந்து கோயில்வரை ஏற்றம், வெறுங்கால். ஒரு தடவைகூட இடுப்பைப் பிடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே நடந்தேன், பாவி.

மலையேறாமல் நாற்று மேடையில் வேலை செய்ய, தோட்டத்து டாக்டரய்யா ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். அதற்காக அத்தை ஒரு மாதமாக அலைந்தாள். திருவிழாவுக்கு அடுத்த வாரம் நானும் துணைக்குப் போனேன். அவர் பேனாவை எடுத்துவிட்டார். என் வாய் சும்மா இருந்ததா? அத்தைக்கு வலியைவிட நினைப்புதான் அதிகம், பால்குடத்தோடு அவ்வளவு தூரம் நடந்தார்களே என்றேன். அவள் பயம் போக ஏதாவது சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். திருவிழா முடிந்து இரண்டு நாள் அவள் பாயைவிட்டு எழாததைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் பேனாவை மூடினார்.

"அப்ப நாளைக்கு மலைக்குப் போகலாம்தானே?"

அத்தை என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும் வழியில் ஒன்றுதான் கேட்டாள். "அம்மன நெனச்சிக்கிட்டே நடந்தேன், அந்நேரம் வலி தெரியல. அது பொய்யாடி?"

இப்போது எனக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது. கடையில் கூட்டமென்றால் வலி மறந்துவிடும். இனி எத்தனை நாள் நிற்க முடியும் என்று யோசிக்க ஆரம்பித்தால் கையைத் தூக்க முடியாது. இரண்டும் நிஜம். என் டாக்டர், பயப்படாதீங்க என்று சொல்லி மருந்தும் தருகிறார். அத்தைக்குக் கிடைத்தது பொய்க்காரி என்ற பெயர். வாங்கிக் கொடுத்தவள் நான்.

டாக்டரய்யாவைப் பார்த்த மறுநாளே, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன அத்தை, எட்டு வருஷம் மலையில்தான் கொழுந்தெடுத்தாள். இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். போன வாரமும் கேட்டேன், இடுப்பு எப்படி என்று. ஒன்றுமில்லை என்றாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியிடம் தினமும் சொல்லி அழுகிறாளாம். என்னிடம் மட்டும் சொல்வதில்லை.