பாலத்தில் தும்மிய வண்டி

எங்கள் சின்ன லோடு வண்டிக்கு வயதாகிவிட்டது. எனக்கும்தான். ஆனால் நான் எங்கேயும் பாதியில் நின்றதில்லை. அது நின்றது. பாம்பன் பாலத்து ஏற்றத்தில், மிளகாய் மூட்டையும் கத்தரிக்காயுமாக நின்றுபோனது. பின்னால் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். "ஏ கெழவி, எறங்கித் தள்ளு!" என்று எவனோ சிரித்தான். சொந்த நிலத்து மிளகாயைச் சொந்த வண்டியில் ராமேசுவரத்து ஓட்டல்களுக்குக் கொண்டுபோகிறவள் நான். என்னைப் போய்!

வண்டி ஓட்டுவது என் மகன். "இது ஆகாது ஆத்தா, வித்துப்புடுவோம். ஆளு பாத்திருக்கேன்" என்றான்.

"லோடோட நிக்காமப் பாலம் ஏறிட்டா?"

"ஏறிட்டா விக்கல. போதுமா?"

எப்படியோ தள்ளிப் பாலத்தைத் தாண்டி, அந்தக் கரையில் அக்காள்மடத்தில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். மீன்பிடி வள்ளங்களின் பெட்ரோல் இன்ஜின் பார்க்கிறவர். "காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுறது கார்புரேட்டர்தான் பெரியாத்தா. இதுக்குத் தொண்டை சின்னது. பெருசா ஒண்ணு மாத்தித் தாரேன், குதிரை கணக்கா ஏறும்" என்றார். மாற்றினார். வெறும் வண்டியாக ஊர் திரும்பும்போது பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நடைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தோம். இந்த வண்டியில் இன்ஜின் இருப்பது நாம் உட்காரும் சீட்டுக்கு அடியில். பாலத்தில் பாதி ஏறியிருப்போம், எனக்குக் கீழே 'டப்' என்றது. மறுபடியும் 'டப்'. சீட்டு இடுக்கில் புகை. புகைக்கு நடுவே நெருப்பு நாக்கை நீட்டியது.

நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நெருப்புதான் என்று தெரிகிறது, கால் மட்டும் அசையவில்லை.

"எறங்கு ஆத்தா! எறங்கு!"

எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மகன் வண்டியை அணைத்துவிட்டு, கத்தரிக்காய்மேல் போட்டிருந்த ஈரச்சாக்கை உருவினான். சீட்டைத் தூக்கி அதை வைத்து அமுக்கினான். நெருப்பு அடங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். புது கார்புரேட்டர் மூடி ஒன்றும் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வாயைச் சுற்றி மிளகாய் விதையும் சிவந்த தூசியும் அப்பிக் கிடந்தன. இதன் மேலேதானே உட்கார்ந்து வந்தேன்! அவ்வளவு கடல்காற்றிலும் எனக்கு வேர்த்து ஊற்றியது. இந்தத் தடவை யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பின்னால் வந்தவர்கள் உச்சிவரை தள்ளிவிட்டார்கள். அந்தப் பக்கத்து இறக்கத்தில் உருட்டி, அங்கிருந்து கயிறு கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் சேர்த்தோம்.

"காத்துல தூசிய வடிகட்டுற ஃபில்டர் எங்கண்ணே?" என்றான் மகன்.

"பழைய டப்பா புது வாய்க்குச் சேரல தம்பி, கழட்டி வச்சிட்டேன். வள்ளத்துல நாங்க அது போடுறதே இல்ல. கடல்ல ஏது தூசி?"

"என் வண்டி கடல்லயா ஓடுது? மொளகா மூட்டையச் சொமந்துக்கிட்டு மண்ரோட்டுல ஓடுது!" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்புத்தான் பெரியாத்தா. காத்து கூடிப்போச்சு, தூசி அடைச்சு பெட்ரோலும் பத்தல. அதான் தும்மி நெருப்பக் கக்கியிருக்கு" என்றார். எல்லாவற்றையும் கழுவினார். பெட்ரோல் வரும் ஜெட்டைப் பெரிதாக மாற்றினார். பழைய ஃபில்டர் டப்பாவை ரப்பர் குழாய் வைத்துப் புது வாயோடு இறுக்கிக் கட்டினார்.

"லோடோட திரும்பிப் போயி ஒரு தடவ பாலத்துல ஏத்திப் பாருங்க" என்றார்.

"வேணாம் ஆத்தா. நாளைக்கு வாங்குறவன் வாரான், விட்டுரு" என்றான் மகன்.

எனக்கும் பயம்தான். இருந்தாலும் ஏறி அதே சீட்டில் உட்கார்ந்தேன். "எடுடா வண்டிய."

எடுத்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'டப்'புக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. முன்னால் போன பஸ் கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போனது! உச்சியில் கடல் திடீரென்று ரெண்டு பக்கமும் விரிந்தது.

"ஏலே, மெதுவாப் போடா!" என்று அலறிவிட்டேன்.

அன்றைக்கு முதல் தடவையாக மகன் சிரித்தான். இறக்கத்தில்தான் கேட்டான்: "நாளைக்கு வாரவன்கிட்ட என்னத்தச் சொல்ல?"

"வரட்டும். டீயக் குடிச்சிட்டுப் போகட்டும்" என்றேன். கம்பியிலிருந்து கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.